அகல்கோண ஒற்றைக்குவிய வில்லைகளில் படிம நிலைநிறுத்தம்: பழனி மேல்மலைப் பூண்டிப் பகுதியின் களச்சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குவியத்தூரம் குறைந்த வில்லைகளில் கைநடுக்கம் பெரிதாகத் தெரிவதில்லை. எனவே அவற்றில் படிம நிலைநிறுத்தக் கருவி அமைப்பது வீண்செலவு என்னும் கருத்து ஒளிப்படத் துறையில் நெடுநாளாக நிலவி வருகிறது. பிலிம் காலத்தில் தோன்றிய ஓர் எளிய விதியே இக்கருத்துக்கு அடிப்படை. அவ்விதி எத்துணை மங்கலை ஏற்கத்தக்கதெனக் கொண்டது என்பதைக் கணக்கிட்டுக் காட்டி, இன்றைய மின்னணு உணரிகளுக்கு அது பொருந்துமா என இக்கட்டுரை ஆராய்கிறது. கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூண்டிப் பகுதியின் சோலைக்காடு, படிவயல், பழனி மலைத்தொடரின் கல்திட்டைகள் ஆகிய களச்சூழல்கள் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. அசையாப் பொருளை முக்காலியின்றிப் படமெடுக்கும்போது அகல்கோண வில்லைக்கும் நிலைநிறுத்தம் உறுதியாகப் பயன்படும். ஆயினும் அப்பயன் படத்தின் மையத்தில் மிகுதியாகவும் மூலைகளில் குறைவாகவும் அமையும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: அகல்கோண வில்லை, படிம நிலைநிறுத்தம், குவியத்தூரம், களப்பதிவு, பூண்டி, மேல்மலை, சோலைக்காடு, கல்திட்டை.

முன்னுரை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களின் வழியாகச் செல்லும் மலைச்சாலையில் பூண்டி அமைந்துள்ளது. உள்ளூர் வழக்கில் இப்பகுதி மேல்மலை எனப்படும். சரிவுகளைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களில் வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் முதலியன பயிரிடப்படுகின்றன. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இம்மேல்மலை ஊர்களில் விளைவதாகும். (ஊர்ப்பெயரைப் பயிரின் பெயரோடு இணைத்துப் பார்க்கத் தோன்றலாம், ஆனால் பூண்டி என வழங்கும் ஊர்கள் பூண்டு விளையாத சமவெளியிலும் பல உள்ளன.)

வயல்களை ஒட்டியே சோலைக்காடுகள் தொடங்குகின்றன. திறந்த படிவயலிலிருந்து சோலைக்குள் சில அடி எடுத்து வைப்பதற்குள் ஒளி பெருமளவு குன்றிவிடும். தாவரவியலார், தொல்லியலார், நாட்டார் வழக்காற்றியலார் எனப் பல துறையினரும் இம்மலைகளில் களப்பணி மேற்கொள்கின்றனர். அவர்கள் எடுக்கும் படங்களில் பெரும்பான்மையானவை அகல்கோணப் படங்களாகவே அமைகின்றன. இதற்கு அழகியல் காரணம் சிறிது. இடநெருக்கடியே பெரிய காரணம். சோலைக்குள் பின்வாங்க முயன்றால் முதுகில் அடிமரம் இடிக்கும். படிவயலின் வரப்பில் பின்வாங்கினால் அடுத்த படியில் விழ நேரும். கல்திட்டையின் உள்ளே பின்வாங்க இடமே இல்லை. 24 மி.மீ. அல்லது 28 மி.மீ. குவியத்தூர வில்லை இத்தகைய இடங்களில் தவிர்க்க இயலாத கருவியாகிறது.

அவ்வில்லையில் படிம நிலைநிறுத்தம் இருப்பதும் இல்லாததும் ஒரு வேறுபாட்டை உண்டாக்குமா என்பது கருவி வாங்குவோரின் விருப்பு வெறுப்பைச் சார்ந்த வினாவாக மட்டும் பார்க்கப்படுகிறது. மீண்டும் சென்று எடுக்க இயலாத களப்பதிவைப் பொறுத்தவரை அது சான்றின் தரத்தைப் பற்றிய வினாவாகும்.

பழைய விதியும் அதன் மறைபொருளும்

வெளிப்பாட்டு நேரம் குவியத்தூரத்தின் தலைகீழியை விட நீளக்கூடாது என்பது 35 மி.மீ. பிலிம் காலத்திலிருந்து வழங்கிவரும் விதி. 200 மி.மீ. வில்லையெனில் நொடியில் 200இல் ஒரு பங்கு, 24 மி.மீ. வில்லையெனில் நொடியில் 24இல் ஒரு பங்கு. இவ்விதியில் ஒரு கணக்கு ஒளிந்துள்ளது. கை ஒரு குறிப்பிட்ட கோணத் திசைவேகத்தில் அசைகிறது என்று கொண்டால், படிமத்தின் நகர்வு என்பது குவியத்தூரம், கோணத் திசைவேகம், நேரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் ஆகும். நேரத்தைக் குவியத்தூரத்தின் தலைகீழியாக வைக்கும்போது குவியத்தூரம் அடிபட்டுப் போகிறது. எல்லா வில்லைக்கும் ஒரே அளவு மங்கல் எஞ்சுகிறது. அம்மங்கலின் அளவைப் பிலிம் காலத்தின் வழக்கமான வரம்பாகிய 0.03 மி.மீ. எனக் கொண்டால், விதி கருதும் கைநடுக்கம் நொடிக்கு 0.03 ரேடியன், அதாவது ஏறத்தாழ 1.7 பாகை எனக் கிடைக்கிறது. உண்மையான கைநடுக்கம் ஒரே திசையில் சீராகச் செல்வதன்று. அது முன்னும் பின்னும் அலைவது. எனினும் ஒப்பீட்டுக்கு இவ்வளவு போதும்.

0.03 மி.மீ. என்னும் வரம்பு, படத்தைச் சிறு அளவில் அச்சிட்டுக் கையெட்டும் தொலைவில் வைத்துப் பார்ப்போரின் கண்ணை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய முழுச்சட்ட உணரியில் 36 மி.மீ. அகலத்தில் 6000 படப்புள்ளிகள் இருப்பின் (24 மெகாபிக்சல்) ஒரு புள்ளியின் அகலம் 0.006 மி.மீ. மட்டுமே. பழைய விதி ஏற்கும் மங்கல் அவ்வுணரியில் ஐந்து படப்புள்ளிகளை விழுங்கிவிடும். 45 மெகாபிக்சல் உணரியில் ஏறத்தாழ ஏழு புள்ளிகள். மங்கலை ஒரு படப்புள்ளிக்குள் அடக்க வேண்டுமெனில் 24 மெகாபிக்சல் உணரியில் 24 மி.மீ. வில்லைக்கும் நொடியில் 120இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படுகிறது. அகல்கோண வில்லைக்கு இயல்பாகவே இருப்பதாகக் கருதப்படும் சலுகை, படத்தைச் சிறிதாகப் பார்க்கும்வரை மட்டுமே நீடிக்கிறது. பாறைமேற்பரப்பின் உளித்தடத்தையோ பட்டையில் படர்ந்த பாசியினத்தையோ பெரிதாக்கிப் பார்க்க விரும்பும் ஆய்வாளருக்கு அச்சலுகை இல்லை.

சோலைக்குள் இதன் விளைவைக் காணலாம். திறந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 திறப்பு எனில் நொடியில் 125இல் ஒரு பங்கு நேரம் பொருந்தும் என்பது ஒளிப்படக்கலையின் பொதுவிதி. ஒளிப்படக்கலைஞர்கள் 'ஸ்டாப்' என வழங்கும் ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்கும் அல்லது இருமடங்காக்கும். சோலையின் உட்புறம் எட்டுப் படி, அதாவது 256 மடங்கு, இருண்டது எனக் கொண்டால் எஃப்/8 திறப்பில் ஐஎஸ்ஓ 100இல் அரை நொடி தேவைப்படும். ஐஎஸ்ஓ 1600க்கு உயர்த்தினால் நொடியில் 30இல் ஒரு பங்கு. பழைய விதியின்படி இது 24 மி.மீ. வில்லைக்கு ஏற்ற நேரம். நிலைநிறுத்தம் தேவையில்லை என்று தோன்றும். மேற்காட்டிய கணக்கின்படி அப்படத்தில் நான்கு படப்புள்ளி மங்கல் எஞ்சியிருக்கும். அதை ஒன்றாகக் குறைக்க ஐஎஸ்ஓ 6400க்குச் செல்ல வேண்டும். அப்போது இரைச்சல் நுண்விவரங்களை அரித்துவிடும். நான்கு படி நிலைநிறுத்தம் உள்ள வில்லையில் அதே கூர்மையை ஐஎஸ்ஓ 400இல், நொடியில் 8இல் ஒரு பங்கு நேரத்தில் பெறலாம்.

2012ஆம் ஆண்டின் வில்லைகள்

ஒளியியல் நிலைநிறுத்தம் முதலில் நீள்குவிய வில்லைகளுக்கே அமைந்தது. 1995இல் கேனான் வெளியிட்ட 75–300 மி.மீ. வில்லை, மாற்றத்தக்க வில்லைகளுள் இவ்வசதியுடன் வந்த முதலாவதாகும். வில்லையினுள் இருக்கும் கோணத் திசைவேக உணரிகள் நடுக்கத்தை அளக்கும். ஒரு வில்லைத்தொகுதி அதற்கு ஏற்பக் குறுக்கே நகர்ந்து படிமத்தைப் பழைய இடத்தில் நிறுத்தும். 2012 பிப்ரவரியில் அதே நிறுவனம் 24 மி.மீ. எஃப்/2.8, 28 மி.மீ. எஃப்/2.8 என்னும் இரு ஒற்றைக்குவிய வில்லைகளில் இவ்வமைப்பைச் சேர்த்து அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் 35 மி.மீ. எஃப்/2 வில்லையும் வந்தது. நான்கு படிவரை பயன் தரும் என நிறுவனம் குறிப்பிட்டது.

1988இல் வெளியான பழைய 24 மி.மீ. வில்லையின் இடத்தில், அதே திறப்பளவில், கணிசமாகக் கூடிய விலையில் இப்புதிய வில்லை வந்தமையால் வரவேற்பு கலவையாக இருந்தது. காணொளி எடுப்போருக்காகச் செய்யப்பட்டது என்றே பலரும் கருதினர். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் நிலைப்படத்திற்கு அது தேவையற்றது என்ற முடிவு அதனால் பெறப்படாது.

அதே 2012இல் நோக்கியா லூமியா 920 என்னும் கைப்பேசி, 35 மி.மீ. அளவில் 26 மி.மீ.க்கு நிகரான எஃப்/2 வில்லையை ஒளியியல் நிலைநிறுத்தத்துடன் தாங்கி வந்தது. இன்றைய கைப்பேசிகளின் முதன்மை வில்லை, வகைப்பாட்டில், அகல்கோண ஒற்றைக்குவிய வில்லையே. அவற்றுள் விலை கூடியவற்றில் நிலைநிறுத்தம் இன்று பொதுவழக்காகிவிட்டது. உணரி சிறியதாதலால் ஒளியைச் சேர்க்க நீண்ட நேரம் தேவைப்படுகிறது. கருவி இலேசானதாதலால் கை மிகுதியாக ஆடுகிறது. தனி வில்லைகளைப் பற்றி அறிஞர் வாதிட்டுக்கொண்டிருக்க, பூண்டி வயலில் நிற்கும் உழவரின் சட்டைப்பைக்குள் அவ்வினாவின் ஒரு விடை ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது எனலாம்.

நிலைநிறுத்தத்தின் பயனைப் படிக்கணக்கில் மட்டும் சொல்வது ஒன்றை மறைக்கிறது. நான்கு படி என்பது 200 மி.மீ. வில்லையை நொடியில் 200இல் ஒரு பங்கிலிருந்து ஏறத்தாழ 12இல் ஒரு பங்குக்குக் கொண்டுசெல்லும். 24 மி.மீ. வில்லையை அது நொடியில் மூன்றில் இருபங்கு நேரத்துக்குக் கொண்டுசெல்லும். இரண்டாவது நேரம் முன்னர் முக்காலியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பகுதியாகும். படிக்கணக்கு ஒன்றே, திறந்துவிடப்படும் களம் வேறு.

இந்நீட்டிப்புக்கு இயற்கையான ஓர் எல்லை உண்டு. கோணத் திசைவேக உணரி புவியின் சுழற்சியையும் ஓர் அசைவாக உணரும் என்பதால் திருத்தத்துக்கு 6.5 படியளவில் வரம்பு உண்டு என 2016இல் ஒலிம்பஸ் நிறுவனத்தார் விளக்கினர். புவி நொடிக்கு 15 கோண நொடி சுழல்கிறது. 24 மி.மீ. வில்லையில் இது நொடிக்கு 0.0017 மி.மீ. நகர்வையே தரும், ஒரு படப்புள்ளியைக் கடக்க மூன்று நொடிக்கு மேலாகும். பூண்டி அமைந்த அதே மலைத்தொடரில், 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கி 36 மீட்டர் குவியத்தூரம் உடையது. அங்கு இதே சுழற்சி படிமத்தை நொடிக்கு 2.6 மி.மீ. வரை நகர்த்தும். சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் ஆடியின்றி அங்கு எதையும் பதிவுசெய்ய இயலாது. குவியத்தூரம் குறையக் குறையப் புறஅசைவின் தாக்கம் குறைகிறது என்னும் பழைய கருத்தின் உண்மையான பகுதி இதுவே.

அகன்ற திறப்பு ஈடாகுமா

ஒற்றைக்குவிய வில்லையை விரும்புவோர் கூறும் வலுவான மறுப்பு, திறப்பு அகன்ற வில்லை இருக்க நிலைநிறுத்தம் எதற்கு என்பதாகும். எஃப்/1.4 வில்லை எஃப்/2.8 வில்லையை விட இரண்டு படி கூடுதல் ஒளி தரும். ஆனால் அதன் விலை, எடை இரண்டும் ஏறும். மேற்சொன்ன கேனான் 24 மி.மீ. எஃப்/2.8 வில்லையின் எடை 280 கிராம். அந்நிறுவனத்தின் 24 மி.மீ. எஃப்/1.4 வில்லையின் இரண்டாம் பதிப்பு 650 கிராம்.

எடையை விடப் பெரிய தடை புலஆழம். 0.03 மி.மீ. வரம்பின்படி 24 மி.மீ. வில்லையை எஃப்/8 திறப்பில் 2.4 மீட்டரில் குவித்தால் 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு கிடைக்கும். எஃப்/2.8இல் அத்தெளிவு 3.4 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். எஃப்/1.4இல் ஏறத்தாழ 7 மீட்டருக்கு அப்பால். முன்னே நிற்கும் கல்லும் பின்னே சரியும் பள்ளத்தாக்கும் ஒருங்கே தெளிவாக வேண்டும் என்பதற்காகவே களப்பணியாளர் அகல்கோண வில்லையைத் தேர்கிறார். அவர் திறப்பை அகலமாக்கினால் எதற்காக அவ்வில்லையை எடுத்தாரோ அதை இழக்கிறார். அகன்ற திறப்பும் நிலைநிறுத்தமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஓடும் விலங்கை இருளில் பிடிக்க முன்னது வேண்டும். நிற்கும் கல்லை ஆழத்தோடு பதிவுசெய்யப் பின்னது வேண்டும்.

சுழல் அசைவும் படத்தின் மூலைகளும்

கருவி மேல்கீழாகச் சாய்வதும் இடவலமாகத் திரும்புவதும் படிமத்தைக் குவியத்தூரத்துக்கு ஏற்ப நகர்த்துகின்றன. வில்லையின் அச்சைச் சுற்றி நிகழும் சுழல் அசைவு அவ்வாறன்று. அது மையத்தை அசைக்காமல் மூலைகளை வட்டமாக இழுக்கிறது. அதன் அளவு மையத்திலிருந்து மூலைக்குள்ள தொலைவைப் பொறுத்தது. குவியத்தூரத்தைப் பொறுத்தது அன்று. வலக்கைப் பக்கமுள்ள பொத்தானை அழுத்தும் செயலே கருவியைச் சற்றுச் சுழற்றுகிறது என்பதால் இவ்வசைவு அரிதானதும் அன்று.

மூவகை அசைவும் ஒரே கோணத் திசைவேகம் உடையன எனக் கொண்டு, நொடியில் 30இல் ஒரு பங்கு நேரத்துக்குக் கணக்கிடலாம். 200 மி.மீ. வில்லையில் சாய்வசைவு 0.2 மி.மீ. மங்கல் தரும், மூலையில் சுழலசைவு தருவது 0.022 மி.மீ. மட்டுமே. ஒன்பதில் ஒரு பங்கான அதைப் புறக்கணிக்கலாம். 24 மி.மீ. வில்லையிலோ சாய்வசைவு தருவது 0.024 மி.மீ.; சுழலசைவு தருவது அதே 0.022 மி.மீ. இரண்டும் ஏறத்தாழச் சமம். நீள்குவிய வில்லையில் விருந்தாளியாக இருந்த சுழலசைவு அகல்கோண வில்லையில் பங்காளியாகிவிடுகிறது.

வில்லைக்குள் அமைந்த நிலைநிறுத்தம் சுழலசைவைத் திருத்த இயலாது. வட்டச் சமச்சீருடைய வில்லைத்தொகுதியைச் சுழற்றினால் படிமம் சுழலாது. உணரியையே நகர்த்தும் முறையில் அது இயலும். 2003இல் மினோல்டா உணரி நகர்வு முறையை அறிமுகப்படுத்தியது. 2012இல் ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்5 கருவி சுழலசைவு உள்ளிட்ட ஐந்து அச்சுகளில் திருத்தம் செய்தது. 2014இல் சோனி ஆல்ஃபா 7 இரண்டாம் பதிப்பு முழுச்சட்ட உணரியில் அதைக் கொணர்ந்தது. நீள்குவிய வில்லைக்கு உணரி நெடுந்தொலைவு நகர வேண்டியிருப்பதால் வில்லைவழி முறை சிறந்தது என்பர். அகல்கோண வில்லைக்குத் தேவைப்படும் நகர்வு சிறியது. திருத்த வேண்டிய சுழலசைவின் பங்கு பெரியது. ஆகவே நிலைப்படங்களைப் பொறுத்தவரை உணரிவழி முறையே அகல்கோண வில்லைக்கு இயைந்தது. நிலைநிறுத்தம் கொண்ட கருவியுடல் கையிலிருக்கும்போது, நிலைநிறுத்தமில்லாத எளிய அகல்கோண வில்லையை வாங்குவது குறையாகாது.

உணரிவழி முறையும் முழுமையானதன்று. நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே காட்டும் அகல்கோண வில்லை, மூலைகளை வெளிநோக்கி இழுத்து விரிக்கிறது. 24 மி.மீ. வில்லையில் மூலை அச்சிலிருந்து 42 பாகை விலகியுள்ளது. அங்கு ஒரே கோண அசைவு மையத்தில் நிகழ்வதைப் போல 1.81 மடங்கு நகர்வை ஆரத்திசையில் உண்டாக்கும். 16 மி.மீ. வில்லையில் அது 2.8 மடங்கு. நிலைநிறுத்தம் உணரி முழுவதையும் ஒரே அளவே நகர்த்த முடியும். மையத்தைச் சரிசெய்தால் மூலையில் 0.81 பங்கு எஞ்சும். முன் எடுத்துக்காட்டில் மூலையின் நகர்வு 0.043 மி.மீ.; திருத்தத்துக்குப் பின் எஞ்சுவது 0.019 மி.மீ. மையத்தில் நான்கு படி பயன் தரும் கருவி, மூலையின் ஆரத்திசையில் ஒரு படியை ஒட்டியே பயன் தருகிறது. அகல்கோணக் காணொளிகளில் நடுப்பகுதி அமைதியாக நிற்க, ஓரங்கள் கூழ்போலத் தளும்புவது இதனாலேயே.

ஜப்பானின் ஒளிப்படக்கருவித் தொழிற்கூட்டமைப்பான சிப்பா 2012இல் வகுத்த அளவீட்டு முறை சாய்வு, திருப்பம் ஆகிய இரண்டையே கணக்கில் கொண்டது. 2024ஆம் ஆண்டின் திருத்தத்தில் சுழலசைவும் சேர்க்கப்பட்டது. மையத்துக்கும் ஓரத்துக்கும் தனித்தனி எண் கூறும் வழக்கமும் அண்மையில் தோன்றியுள்ளது. விளம்பரத்தில் காணும் ஒற்றை எண்ணை அகல்கோண வில்லைக்கு அப்படியே பொருத்துவது தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கும்.

இதிலிருந்து களப்பணிக்கு ஒரு நடைமுறைக் குறிப்புக் கிடைக்கிறது. தொல்லியல் படங்களில் அளவுகோலைச் சட்டத்தின் மூலையில் வைப்பது பரவலான பழக்கம். கையில் ஏந்தி, நீண்ட நேரத்தில் எடுக்கும் அகல்கோணப் படத்தில் மூலையே நம்பத்தகாத இடம். அளவுகோல் மையத்தை ஒட்டி, பதிவுசெய்யும் பொருளின் தளத்திலேயே இருத்தல் வேண்டும்.

அருகிருந்து எடுக்கும் படம்

2018இல் கொடைக்கானல் மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. அதற்கு முன் பூத்தது 2006இல். அடுத்து 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. பூங்கொத்தை முன்னிறுத்திச் சரிவு முழுவதையும் பின்னணியாக்கும் படத்துக்கு அகல்கோண வில்லையை மலருக்கு மிக அருகில் கொண்டுசெல்ல வேண்டும். இங்குக் கோண அசைவோடு கருவியின் இடப்பெயர்ச்சியும் சேர்கிறது. 24 மி.மீ. வில்லை 30 செ.மீ. தொலைவில் இருக்கையில் கருவி அரை மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் படிமம் 0.043 மி.மீ. நகரும், ஏழு படப்புள்ளி. அதே நகர்வு 5 மீட்டர் தொலைவிலுள்ள பொருளில் அரைப் படப்புள்ளிகூட ஆகாது.

கோண உணரி மட்டும் உள்ள அமைப்புகள் இந்நகர்வை அறியமாட்டா. முடுக்கத்தையும் அளந்து திருத்தும் கலப்பு முறையைக் கேனான் 2009இல் 100 மி.மீ. அண்மைப்பட வில்லையில் புகுத்தியது. 2018இல் வெளியான ஆர்எஃப் 35 மி.மீ. எஃப்/1.8 வில்லையிலும் அது உண்டு. பின்னணியையும் மலரையும் ஒருசேரத் திருத்துவது கலப்பு முறையாலும் முடியாது; இரண்டின் நகர்வளவும் வேறு வேறு.

காற்று

நிலைநிறுத்தம் கருவியை நிறுத்துகிறது, உலகை நிறுத்துவதில்லை. சோலையில் 3 மீட்டர் தொலைவிலுள்ள பெரணி இலை நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் அசைகிறது எனக் கொள்வோம். கால் நொடியில் அதன் படிமம் 24 மி.மீ. வில்லையில் 0.2 மி.மீ. நகர்ந்துவிடும், முப்பதுக்கும் மேற்பட்ட படப்புள்ளி. எத்தனை படி நிலைநிறுத்தம் இருந்தாலும் அடிமரம் கூர்மையாகவும் இலைகள் புகையாகவும் பதிவாகும். இனங்காண இலைவிளிம்பு தேவைப்படும் தாவரவியலாருக்கு இது பயனற்ற படம். காட்டின் அமைப்பைப் பதிவுசெய்வோருக்குப் போதுமான படம்.

வயலில் நிலைமை வேறு. பூண்டு பறிப்போரின் கைகளையோ கட்டுக்கட்டித் தலையில் ஏற்றும் அசைவையோ பதிவுசெய்ய நொடியில் 125இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த நேரம் தேவை. வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 100 எனில் 500இல் ஒரு பங்கு எளிதாகக் கிடைக்கும். அங்கு நிலைநிறுத்தம் சும்மா இருக்கும். பூண்டி வயல்களைப் பகலில் படமெடுத்துப் பார்த்துவிட்டு நிலைநிறுத்தம் பயனற்றது என ஒருவர் முடிவுகட்டினால், அவர் தம் களத்துக்குச் சரியான முடிவையே கூறுகிறார். நூறு அடி அப்பாலுள்ள சோலைக்கு அது பொருந்தாது என்பதே குறை.

கல்திட்டையும் மங்கலான படத்தைப் படித்தலும்

பழனி மலைகளின் கல்திட்டைகளை ஆங்லேட், நியூட்டன் என்னும் இயேசு சபைத் துறவியர் இருவர் ஆராய்ந்து எழுதிய நூல் 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேட்டு வரிசையில் 36ஆம் எண்ணாக வெளிவந்தது. தாண்டிக்குடி முதலிய இடங்களில் இத்திட்டைகள் இன்றும் உள்ளன. பக்கக்கற்களின்மேல் மூடுகல் ஏற்றிய இவற்றின் உட்புறம் இருண்டது. காற்றில் அசையும் பொருள் எதுவும் அங்கு இல்லை. முக்காலியை விரிக்கவும் இடமில்லை. அகல்கோண வில்லையும் நிலைநிறுத்தமும் இணைந்து முழுப்பயன் தரும் இடம் இதுவே. கருவியைக் கல்லின்மீது சார்த்த இயலுமெனில் அதுவும் நன்று. உறுதியான முக்காலியில் நிற்கும்போது மட்டும் பழைய வகை அமைப்புகளை அணைத்துவிட வேண்டும். இல்லாத நடுக்கத்தைத் தேடி அவை தாமே படிமத்தை அசைக்கக்கூடும். சோலைத்தரையின் மெத்தென்ற இலைமக்கில் கால் புதையும் முக்காலி இவ்வகையில் உறுதியானதாகாது. ஒரு நொடிக்கு மேற்பட்ட நேரத்துக்கு அதன் கால்களைக் கற்களின்மேல் நிறுத்துவதே வழி.

எடுத்த படம் மங்கலாக இருப்பின் எவ்வசைவு அதற்குக் காரணம் என்பதை அப்படமே காட்டும். சட்டம் முழுவதும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவில் இழுபட்டிருந்தால் அது சாய்வசைவு. நிலைநிறுத்தம் இயங்கவில்லை அல்லது நேரம் அதன் வரம்பைக் கடந்துவிட்டது. மையம் தெளிவாக, மூலைகள் வட்டமாக இழுபட்டிருந்தால் சுழலசைவு. வில்லைவழி நிலைநிறுத்தம் மட்டுமே உள்ள கருவியில் இது மிகுதி. மையம் தெளிவாக, மூலைகள் வெளிநோக்கி ஆரத்திசையில் நீண்டிருந்தால் திருத்தத்தின் எச்சம். அருகிலுள்ள கல் மங்கி, தொலைவிலுள்ள சரிவு கூர்மையாக இருந்தால், குவியப்பிழை இல்லையெனில், இடப்பெயர்ச்சி. இலைகள் மட்டும் மங்கியிருந்தால் காற்று. களக்குறிப்பேட்டில் குவியத்தூரம், திறப்பு, நேரம் ஆகியவற்றோடு நிலைநிறுத்தம் இயங்கியதா, அது வில்லையிலா உணரியிலா, கருவி கையிலிருந்ததா சார்த்தப்பட்டிருந்ததா என்பனவும் எழுதப்படுமாயின், பின்னாளில் அப்படத்தை அளவெடுக்க முயல்பவர் அதன் எந்தப் பகுதியை நம்பலாம் என அறிவார்.